எஸ்பெராண்டோவைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாமா? (ஒலி, எழுத்து, இலக்கணம்)

பச்சைநட்சத்திரம்:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் வழியே எஸ்பெராண்டோ கற்க ஒரு சிறு பாட ஏடு எழுதிவருகிறேன். ஒலிகளைப் பற்றிய முதல் பாடத்திலேயே ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது. சொற்களைத் தமிழ் எழுத்தில் தரலாமா, முதல் வரியிலிருந்தே அந்த மொழியின் சொந்த எழுத்தில்தான் தரவேண்டுமா? இந்த இழையில் எல்லாரும் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே இடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காகச் சில வரிகள். எஸ்பெராண்டோ, வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேச உருவாக்கப்பட்ட பொது மொழி. அதை உருவாக்கிய லுட்விக் ஸாமென்ஹாஃப் 1859இல் பியாவிஸ்தோக் நகரில் பிறந்தவர். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர் அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் பேசுவோர் ஒரே தெருவில் வாழ்ந்துகொண்டு ஒருவரையொருவர் ஐயத்துடன் பார்த்த ஊர் அது. கண் மருத்துவரான அவர் 1887இல் வார்சாவில் இந்த மொழியை அறிமுகப்படுத்தும் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ‘டாக்டர் எஸ்பெராண்டோ’, அதாவது நம்பிக்கை கொண்டவர், என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயரே மொழிக்கு நிலைத்துவிட்டது.

28 எழுத்துகள். அவற்றில் உயிர் ஐந்து. ஓர் எழுத்துக்கு ஒரே ஒலி, ஓர் ஒலிக்கு ஒரே எழுத்து. அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில். ஒலிப் பகுதி ஏறக்குறைய இவ்வளவுதான்.

தமிழ் எழுத்தோ வேறு வழியில் இயங்குகிறது. ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதல் ப ஒரு விதமாகவும் இரண்டாவது ப வேறு விதமாகவும் ஒலிக்கின்றன. நமக்கு அதில் குழப்பமே இல்லை, ஏனென்றால் இடம் ஒலியைச் சொல்லிவிடுகிறது. எஸ்பெராண்டோவில் இடம் எதையும் சொல்லாது. ‘பானோ’ என்று எழுதினால் ரொட்டியா, குளியலா? முதலெழுத்து தொண்டை அதிராமல் ஒலித்தால் ரொட்டி, அதிர்ந்தால் குளியல். ‘கான்தோ’ பாட்டா, கையுறையா? அதுவும் அப்படியே. என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஆனைமலையான்:

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 28இல் 22 எழுத்துகளை நம் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். மீதி ஆறும் அவர்களுக்குத் தெரிந்த எழுத்துகளே. ஐந்தின் மேல் ஒரு கூரை, ஒன்றின் மேல் ஒரு பிறைக்குறி. ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். அதற்காகத் தமிழ் எழுத்தை வளைத்து ஒடிக்க வேண்டாம். இரண்டாம் வாரத்தில் தூக்கிப்போடப் போகிற ஊன்றுகோலை எதற்குச் செதுக்க வேண்டும்?

தாழம்பூ:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஆங்கில எழுத்தைப் பார்த்தவுடன் ஆங்கில ஒலியைச் சொல்லும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் ‘த்ஸோ’ என்ற எழுத்தை (ஆங்கில ‘சி’யின் வடிவம்) கண்டதும் ‘க’ என்றே படித்தார்கள். ‘அமைதி’ என்று பொருள்படும் ‘பாத்ஸோ’வை ‘பாகோ’ என்றார்கள். தமிழ் எழுத்தில் பார்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

அதிரும் ஒலிக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. சமஸ்கிருதத் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் புத்தகங்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று எண் போடுவார்கள். ‘கோ³விந்த³’ என்று பார்த்திருப்பீர்கள். சமஸ்கிருதம் படிக்காத என் பெரியம்மா அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பிசகாமல் சொல்வார். எஸ்பெராண்டோவுக்கு 3 மட்டும் போதும். பானோ ரொட்டி, பா³னோ குளியல். கான்தோ பாட்டு, கா³ன்தோ கையுறை. மூச்சொலி எதுவும் இல்லாததால் 2, 4 தேவையில்லை.

ஸகரத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். ‘ரோஸோ’ என்றால் பனித்துளி. அதே ஸ அதிர்ந்தால் ரோஜாப்பூ. அதற்கு ஆய்தத்தைச் சேர்த்து ‘ரோஃஸோ’ என்று எழுதலாம் என்பது என் கருத்து.

பச்சைநட்சத்திரம்:

நல்ல யோசனை, மிக்க நன்றி. உடனே எழுதிப் பார்த்தேன். சொல்லின் முதலில் இந்த முறை நன்றாக நிற்கிறது. நடுவில்தான் சறுக்குகிறது.

பூனைக்கு அந்த மொழியில் ‘காதோ’. எண் இல்லாததால் த அதிரக்கூடாது என்பது நம் விதி. ஆனால் தமிழ் படிக்கிறவரின் கண் ‘காது’ என்ற சொல்லில் வரும் த-வைத்தான் பார்க்கும், நாக்கும் அப்படியே அதிரும். அதைத் தடுக்க ‘காத்தோ’ என்று இரட்டிக்கலாம். இரட்டித்தால் இன்னொரு விதி உடைகிறது. எஸ்பெராண்டோவில் மெய் இரட்டிப்பது பொருளை மாற்றும். ‘ஃபீனோ’ முடிவு, ‘ஃபின்னோ’ ஃபின்லாந்துக்காரர். ‘குட்டையான’ என்பதற்குரிய ‘மால்லோன்கா³’வில் இரண்டு ல-வும் கேட்க வேண்டும். எதிர்ப்பொருள் தரும் ‘மால்’ முன்னொட்டின் ல ஒன்று, ‘லோன்கா³’ (நீளமான) என்பதன் ல மற்றொன்று.

குறில் நெடில் இன்னொரு தலைவலி. கைக்கு ‘மானோ’ என்பதா, ‘மனோ’ என்பதா? உயிரின் நீளம் அங்கே பொருளை மாற்றுவதில்லை. அழுத்தம் விழும் இடத்தில் இயல்பாகச் சற்று நீளும், அவ்வளவுதான். தமிழ் எழுத்தோ நம்மை நடுவில் நிற்க விடாது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. சொல்லின் இறுதியில் மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை. ‘நொ’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர ஒகரக் குறில் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வருவதில்லை என்பது நன்னூல் படித்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே பெயர்ச்சொற்களின் ஈற்று ஓசையை ‘ஓ’ என்றே எழுதிவிடலாம்.

யாழ்வாசி:

வணக்கம் அண்ணா. ‘காதோ’வைப் பற்றி ஒரு செய்தி. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் ‘காற்றோ’ என்று எழுதத்தான் கை வரும். பிறமொழியின் ‘ட்’ ஒலியை நாங்கள் ரகர, றகரங்களால் எழுதுகிறவர்கள். தமிழ்நாட்டில் டொராண்டோ, எங்களுக்கு ரொறன்ரோ. உங்களுக்கு டிக்கெட், எங்களுக்கு ரிக்கெற். யாழ்ப்பாணத்தில் ‘காற்று’ என்று சொல்லும்போது ற்ற நுனிநாக்கில், மேற்பல்லுக்குச் சற்று மேலே, அதிராமல் ஒலிக்கும். எஸ்பெராண்டோவுக்கு அந்த ஒலி போதும். பல்லைத் தொட்டாலும் அதற்குச் சற்று மேலே தொட்டாலும் அங்கே யாரும் தவறென்று சொல்வதில்லை.

ஆனால் நான் ‘காற்றோ’ என்று எழுதினால் மதுரையில் இருப்பவர் இடையில் ஒரு ர-வைச் சேர்த்துப் படிப்பார். நீங்கள் ‘காட்டோ’ என்று எழுதினால் நான் நாக்கை மடித்து டகரம் சொல்வேன். ஒரே பாட ஏட்டை இரண்டு கரையிலும் இரண்டு விதமாகப் படிப்போம். ஒரு பொது மொழியைக் கற்கப் போய் எழுத்துக்கூட்டலில் நாமே பிரிந்து நிற்பதா என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

மொழியன்:

யாழ்வாசியின் கவலை ஸாமென்ஹாஃபின் மொழிக்கே வந்த கவலைதான். கூரை போட்ட எழுத்துகளின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த ஆறு எழுத்துகளும் அன்றைய அச்சகங்களில் இல்லை, தட்டச்சுப் பொறிகளிலும் இல்லை. ஆகவே ஸாமென்ஹாஃபே ஒரு மாற்றுவழி சொன்னார்: கூரைக்குப் பதிலாக அடுத்து ‘ஹோ’ எழுத்தை (ஆங்கில ‘ஹெச்’சின் வடிவம்) போட்டுக்கொள்ளலாம். மொழியின் மாறாத அடித்தளமாக 1905இல் ஏற்கப்பட்ட ‘ஃபுண்டமென்டோ’விலும் அது இடம்பெற்றது. வசதிதான். ஆனால் ‘ஹோ’ தனக்கென ஒலி உள்ள எழுத்து. விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பறப்புக்கு ‘ஃப்லூகோ³’, துறைமுகத்துக்கு ‘ஹாவேனோ’. இரண்டும் சேர்ந்தால் ‘ஃப்லுக்³ஹாவேனோ’. மாற்றுவழியில் எழுதப்பட்ட பக்கத்தில் இந்தச் சொல்லைப் பார்ப்பவர் ‘ஃப்லுஜாவேனோ’ என்று படிக்க முழு உரிமை உண்டு. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற வாக்குறுதி அங்கே உடைந்துவிடுகிறது.

கணினிக் காலத்தில் பலர் ‘ஹோ’வை விட்டு ‘எக்ஸ்’ எழுத்துக்கு மாறினார்கள். அந்த எழுத்து எஸ்பெராண்டோ நெடுங்கணக்கிலேயே இல்லை என்பதால் மோதல் இல்லை. பார்ப்பதற்கு அழகில்லை, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் படிக்கலாம். யூனிகோட் பரவிய பிறகு இரண்டுக்குமே பெரிதாகத் தேவை இல்லை.

கூரைகளை ஒழித்துவிடலாம் என்ற குரல் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1894இல் ஸாமென்ஹாஃபே, பலரின் வற்புறுத்தலால், ஒரு திருத்தத் திட்டத்தை முன்வைத்தார். கூரை எழுத்துகளை நீக்குவதும் அதில் அடங்கும். வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் எந்த மாற்றமும் வேண்டாம் என்றார்கள். 1907இல் ‘ஈடோ’ என்ற திருத்திய மொழி பிரிந்து போனது. அதில் கூரை இல்லை. படிக்க எளிது என்று அதன் அன்பர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் திருத்தம் தேடிப் போனவர்கள் அடுத்தடுத்த திருத்தங்களைத் தேடினார்கள், திருத்தத்தை மறுத்தவர்களிடம் பேசும் கூட்டம் நிலைத்தது. தமிழ் எழுத்துக்கு எந்தக் குறியை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தபின் மாற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

தாழம்பூ:

ஐந்து கூரை எழுத்துகளில் ஒன்று தமிழருக்கு மிக எளிது. தொண்டையைச் சற்று உராய்ந்து வரும் அந்த ஒலிக்கு ‘எஃகு’ என்ற சொல்லில் வரும் ஓசை மிக அருகில் இருக்கிறது. பழக்கத்தில் அந்த எழுத்து தேய்ந்துவருகிறது. வேதியியலுக்கான பழைய சொல் ‘ஃகெமீஓ’ இன்று ‘கெமீஓ’ ஆகிவிட்டது. ஆனால் முற்றிலும் போகாது. ‘எஃகோ’ எதிரொலி, ‘ஏகோ’ தொடக்கம். இந்த இரண்டையும் பிரித்துக்காட்ட அது இருந்தே ஆக வேண்டும்.

நுண்ணலை:

ஐயா, அக்கா, நான் புதிதாகப் படிக்கிறவள். ஒலி பற்றிய பேச்சுக்கு நடுவே இலக்கணம் கேட்கலாமா? செயப்படுபொருளுக்கு ‘ன்’ ஈறு சேர்க்க வேண்டும் என்பது புரிகிறது, நம் ‘ஐ’ போலத்தான். ஆனால் பெயரடைக்கும் ஏன் அதே ஈறு? ‘அழகான பறவைகளை’ என்பதற்கு ‘லா பெ³லாய்ன் பி³ர்தோ³ய்ன்’ என்று இரண்டு சொல்லிலும் பன்மை, இரண்டு சொல்லிலும் வேற்றுமை. தமிழில் ‘அழகான’ மாறுவதே இல்லை. எளிய மொழி என்று சொல்லிவிட்டு இது எதற்கு?

மொழியன்:

கேளுங்கள் தங்கையே, இழை பெரியதுதான். ஈடோ மொழிக்காரர்களும் இதையே கேட்டார்கள். அவர்கள் பெயரடையின் ஈறுகளை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

மீ ஃபார்பி³ஸ் லா போர்தோ³ன் ரூஜான்.
மீ ஃபார்பி³ஸ் லா போர்தோ³ன் ரூஜா.

‘போர்தோ³’ கதவு, ‘ரூஜா’ சிவப்பு. முதல் வாக்கியத்தில் சிவப்புக் கதவுக்கு வண்ணம் பூசினேன். எந்த வண்ணம் என்று சொல்லவில்லை. இரண்டாவதில் கதவுக்குச் சிவப்பு வண்ணம் பூசினேன். முன்பு அது எந்த நிறமோ தெரியாது. ஒரே ஒரு ‘ன்’ இருப்பதும் இல்லாததும்தான் வேறுபாடு. பெயரடை பெயரோடு ஒட்டியிருக்கிறதா, வினையின் விளைவைச் சொல்கிறதா என்பதை அது காட்டிவிடுகிறது. தமிழில் இந்த வேலையைச் சொல் நிற்கும் இடமும் ‘ஆக’ என்ற ஈறும் செய்கின்றன: சிவப்புக் கதவு, சிவப்பாக. அங்கே பெயரடை பெயருக்கு முன்னும் நிற்கலாம், பின்னும் நிற்கலாம். அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலைதான் இந்த ஈறு.

நமக்கு இன்னொரு நல்ல செய்தி. ஐரோப்பிய மாணவர்கள் பலர் தடுமாறும் ‘ஸீஆ’ தமிழருக்குத் தானாகவே வருகிறது. ‘அவன் தன் மனைவியை நேசிக்கிறான்’, ‘அவன் அவனுடைய மனைவியை நேசிக்கிறான்’. இரண்டாவதில் வேறொருவனின் மனைவி என்ற ஐயம் எழுகிறது அல்லவா? முதலாவது ‘ஸீஆன்’, இரண்டாவது ‘லீஆன்’. ‘தன்’ என்று வரும் இடத்தில் ‘ஸீஆ’ போடுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பச்சைநட்சத்திரம்:

அதோடு நான் மிகவும் விரும்பும் பகுதி ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். வினாச்சொல், சுட்டுச்சொல் அட்டவணை. முன்பகுதி ஐந்து, பின்பகுதி ஒன்பது, மொத்தம் 45 சொற்கள். பொதுவாக இதை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தமிழருக்கு அது தேவையே இல்லை.

கீஏ, தீஏ, ஈஏ, ச்சீஏ.
எங்கே, அங்கே, எங்கோ, எங்கும்.

கீஆம், தீஆம், ஈஆம், ச்சீஆம்.
எப்போது, அப்போது, எப்போதோ, எப்போதும்.

வினாவோடு ‘ஓ’ சேர்த்தால் தெரியாத ஒன்று, ‘உம்’ சேர்த்தால் எல்லாம். ஸாமென்ஹாஃப் வரிசைப்படுத்திய அதே அடுக்கு நம் வாயில் தினமும் புரள்கிறது. ஐந்தாவது ‘நெனீ’ வரிசை மட்டும் நமக்குப் புதிது. ‘எங்கும் இல்லை’ என்று நாம் வினையில் மறுப்பதை அவர்கள் ‘நெனீஏ’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். எதிர்த்திசையில் நமக்கு இருக்கும் ‘இங்கே, இப்போது’ வரிசை அவர்களிடம் இல்லை. ‘ச்சி’ என்ற சிறுசொல்லை ‘தீஏ’ உடன் சேர்த்தால்தான் ‘இங்கே’ கிடைக்கும்.

யாழ்வாசி:

எனக்கு மனம் ஒப்பாத ஓர் இடம் ‘நி’. நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். எதிரே நிற்பவரைச் சேர்த்துச் சொல்கிறேனா, விலக்கிச் சொல்கிறேனா என்பது தெரியவே தெரியாது. மக்களை இணைக்க எழுந்த மொழியில் ‘நாம்’ என்ற சொல் இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஐரோப்பிய மொழிகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன்.

தாழம்பூ:

எனக்குப் ‘பாத்ரோ, பாத்ரீனோ’. அப்பா என்ற வேரோடு ‘ஈன்’ சேர்த்து அம்மாவை ஆக்குவது. அம்மாவுக்குத் தனி வேர் கொடுத்திருக்கலாம். அவன், அவள் இரண்டையும் தவிர்க்க விரும்புகிற இளையவர்கள் சிலர் இப்போது ‘ரி’ என்ற சொல்லை வழங்குகிறார்கள். நம் ‘அவர்’ அந்த வேலையை இயல்பாகச் செய்துவிடுவதால் தமிழில் விளக்குவது எளிது.

ஆனைமலையான்:

எல்லாம் சரி. 16 விதிகளில் முழு இலக்கணமும் அடங்கும் என்ற பேச்சைப் பாட ஏட்டில் எழுதாதீர்கள் தம்பி. அது மாணவரை ஏமாற்றுவது.

‘கோம்ப்³’ என்ற வேரை எடுத்துக்கொள்வோம். ‘கோம்போ³’ என்றால் சீப்பு என்று நினைப்போம். இல்லை, அது தலைவாரும் செயல். கருவியைக் குறிக்கும் ‘ஈல்’ சேர்த்து ‘கோம்பீ³லோ’ என்றால்தான் சீப்பு. சரி, பிரஷ்ஷுக்கும் அப்படியே இருக்கும் என்று ‘ப்³ரோஸீலோ’ என்று சொன்னால் தவறு. ‘ப்³ரோஸோ’ என்பதே பிரஷ், ‘ப்³ரோஸி’ என்றால் அதனால் தேய்ப்பது. ஒரு வேர் வினையாகப் பிறந்தது, மற்றொன்று பெயராகப் பிறந்தது. எது எப்படிப் பிறந்தது என்று 16 விதிகளில் எங்கே இருக்கிறது? அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி ஸோஸ்யூரின் தம்பி ரெனே இந்த வேர்களின் இயல்பைப் பற்றி நிறைய எழுதினார். தானாகப் புரிகிற செய்தியாக இருந்தால் அவர் ஏன் எழுதப் போகிறார்?

மொழியன்:

ஐயா சொல்வது முழு உண்மை. இன்னும் பெரிய சான்று ‘ஆதா, ஈதா’ சண்டை. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது என்றால் ‘கோன்ஸ்த்ருஆதா’, கட்டப்பட்டிருந்தது என்றால் ‘கோன்ஸ்த்ருஈதா’. இதுவரை சிக்கல் இல்லை. ‘நான் இன்ன ஆண்டில் பிறந்தேன்’ என்பதற்கு எந்த ஈறு? பிறப்பு அந்த நேரத்தில் நிகழ்ந்தது என்று பார்த்தவர்கள் ‘நாஸ்காதா’ என்றார்கள். செயல் முற்றுப்பெற்றது என்று பார்த்தவர்கள் ‘நாஸ்கீதா’ என்றார்கள். அவரவர் தாய்மொழி அவரவரை ஒரு பக்கம் இழுத்தது. பல ஆண்டுகள் கடுமையாக வாதாடினார்கள். 1967இல் எஸ்பெராண்டோ அகாதமி ‘ஈதா’ பக்கம் முடிவு சொன்னது. ஸாமென்ஹாஃபின் வழக்கும் அதுவாகவே இருந்தது.

விதி எழுதியவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆனபின் பேசுகிறவர்கள் கூடி எஞ்சிய விதியைத் தேடி எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த மொழியின்மேல் மதிப்பு ஏற்பட்டது அந்தச் சண்டையைப் படித்தபோதுதான். யாரோ செய்து கொடுத்த பொருளுக்காக மனிதர்கள் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள்.

பச்சைநட்சத்திரம்:

‘16 விதி’ வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கோம்போ³, ப்³ரோஸோ இரண்டையும் மூன்றாம் பாடத்திலேயே வைத்து, வேரோடு அதன் இயல்பையும் சேர்த்துப் படியுங்கள் என்று எழுதுகிறேன்.

எழுத்து பற்றி என் முடிவு இது. தமிழ் எழுத்தும் தோள் எண்ணும் முதல் பாடத்தில் மட்டும், அதுவும் ஒலி வேறுபடும் இணைச்சொற்களுக்கு மட்டும். பானோ/பா³னோ, கான்தோ/கா³ன்தோ, ரோஸோ/ரோஃஸோ, ஏகோ/எஃகோ. பக்கத்திலேயே சொந்த எழுத்தும் இருக்கும். இரண்டாம் பாடம் முதல் சொந்த எழுத்து மட்டும். ‘காதோ’ போன்ற சொற்களைத் தமிழில் எழுதப் போவதே இல்லை. அவற்றை ஒலிப்பதிவாகத் தருகிறேன். யாழ்வாசி, உங்கள் குரலிலும் ஒரு பதிவு செய்து தர இயலுமா? இரு வகை உச்சரிப்பும் ஏற்புடையவை என்று மாணவர்கள் காதால் கேட்கட்டும்.

யாழ்வாசி:

நிச்சயம் அண்ணா. இணைச்சொற்கள் எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்புகிறேன்.

நுண்ணலை:

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ‘தெரியும்’ என்பதற்கான ‘ஸ்த்ஸீஇ’ எனக்கு வாயில் நுழையவே இல்லை. ஸ், த்ஸ் இரண்டும் முதலிலேயே மோதுகின்றன. ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று சொல்வதுபோல் இதற்கும் முன்னால் ஓர் ‘இ’ வந்துவிடுகிறது.

தாழம்பூ:

அந்தச் சொல்லைத் தனியாகப் பழகாதீர்கள் தங்கையே. ‘எனக்குத் தெரியும்’ என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: மி ஸ்த்ஸீஆஸ். இதை ‘மிஸ் - த்ஸீ - ஆஸ்’ என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். ‘ஸ்’ முன்சொல்லின் ஈற்றில் போய் ஒட்டிக்கொள்ளும், ‘இ’ நுழைய இடமிருக்காது. அது பழகிய பின் ‘வி ஸ்த்ஸீஆஸ்’, ‘லி ஸ்த்ஸீஆஸ்’ என்று மாற்றிச் சொல்லுங்கள். தனிச்சொல்லைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.